மூன்றாம் நாள் மறுபடியும் பாருங்கள்

(மலேசிய மலைப் பள்ளத்தாக்கான லெம்பா பெர்த்தாமில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நரம்பு நோய்களைப் பற்றிப் பொதுவாகப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். பொதுப்பேச்சு எளிது, கேட்டவர்கள் வீட்டுக்குப் போவதற்குள் அது மறந்தும் போகும். ஆகவே ஒன்றே ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். நோயாளியின் கட்டிலருகே நின்று அவருடைய நரம்பு மண்டலத்தைச் சோதிக்கும் முறை அது. அதற்கு வேண்டியவை ஒரு சிறு சுத்தியல், ஒரு டார்ச், கொஞ்சம் பஞ்சு, ஒரு குண்டூசி, 128 ஹெர்ட்ஸில் அதிரும் ஓர் இசைக்கவை. எல்லாம் சட்டைப்பையில் அடங்கும். ஸ்கேன் கருவி இல்லாத ஊருக்குச் சொல்லும் ஆறுதலாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். தேயிலைத் தோட்டத்துச் சமையலறைக்குள் நுழைந்த ஒரு நஞ்சை முதலில் காட்டிக்கொடுத்தது இந்தச் சோதனைதான். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1977-78ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் கால் பலமிழந்து மருத்துவர்களிடம் வந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் சேனாநாயக்க அவர்களைச் சோதித்தார். படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்ணுக்குக் கால் வரவில்லை என்றால் காரணம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மூளையாக இருக்கலாம், தண்டுவடமாக இருக்கலாம், நரம்பாக இருக்கலாம், தசையாக இருக்கலாம். மனவேதனை என்று சொல்லி மூடிவிடவும் செய்யலாம். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் விஷயத்தில் அந்த முடிவுக்கு எத்தனை விரைவாக வந்துவிடுகிறோம் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பேய் பிடித்தது என்றும் சொல்வார்கள்.

அந்த இடத்தில்தான் சோதனையின் ஒழுங்கு கைகொடுக்கிறது. பலவீனம் இடுப்பிலா, பாதத்திலா? பாதத்தில். ஒரு காலிலா, இரண்டிலுமா? இரண்டிலும், ஏறக்குறைய ஒரே அளவில். தொடுவுணர்ச்சி போயிற்றா? பெரும்பாலும் போகவில்லை. போலியோ இப்படிச் சமமாகத் தாக்காது. தண்டுவடம் அடிபட்டிருந்தால் உடம்பில் ஒரு கோடு போட்டதாகத் தெரியும், அதற்குக் கீழே உணர்ச்சி குறையும். சிறுநீர் கழிப்பதிலும் சிக்கல் வரும். மிச்சம் இருப்பது புற நரம்பு. அதுவும் நீளமான நரம்புகளின் நுனி. உடம்பின் மிக நீளமான நரம்புகளைத் தேடிப் பிடித்து நுனியிலிருந்து அரிக்கும் பழக்கம் நஞ்சுகளுக்கு உண்டு.

சோதனை இதுவரை கொண்டுவந்தது. அடுத்த அடியை எடுத்து வைத்தது கேள்வி. ஏன் இந்த வயதுப் பெண்கள் மட்டும்? ஒரே தோட்டத்தில் அதே தண்ணீரைக் குடித்து அதே சோற்றைச் சாப்பிடும் அண்ணன் தம்பிக்கு ஏன் வரவில்லை? பெரியமனுஷியான பெண்ணுக்கு மட்டும் நம் வீடுகளில் என்ன கொடுப்பார்கள் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். நல்லெண்ணெய். பிள்ளையின் இடுப்புக்குப் பலம் என்று ஆசையாய் ஊற்றிக் கொடுத்த அந்த எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் கலந்திருந்தது. அது இயந்திர எண்ணெய்களில் சேர்க்கப்படும் ஒரு ரசாயனம். முன்பு கனிம எண்ணெய் ஏற்றிய கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் லான்செட் இதழில் இதை எழுதினார்கள்.

இந்த நஞ்சு முன்பே உலகத்தை ஏமாற்றியிருக்கிறது. 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாறு என்று விற்ற ஒரு மதுக் கலவை வழியாகப் பல்லாயிரம் ஏழைகளின் கால்களை முடக்கியது. 1959இல் மொராக்கோவின் மெக்னெஸ் நகரத்தில், சமையல் எண்ணெயில் விமான இயந்திர எண்ணெயைக் கலந்து விற்றதால் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஏமாற்ற முடிந்ததற்குக் காரணம் தாமதம். குடித்தவுடன் ஏதும் தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் கெண்டைக்கால் வலிக்கும், பிறகு பாதம் தொங்கும். அதற்குள் எண்ணெய்ப் போத்தல் காலியாகியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். இந்த நஞ்சு தாக்கிய ஒருவரை முதல் மாதத்தில் சோதித்தால் கால் தொய்ந்து கிடக்கும். கணுக்கால் அனிச்சை வராது. ஓராண்டு கழித்து, புற நரம்பு மெல்ல மீண்ட பிறகு சோதித்தால் அதே கால் விறைத்திருக்கும். முழங்காலைத் தட்டினால் கால் எகிறும். பாதத்தைக் கீறினால் பெருவிரல் மேலே போகும். தண்டுவடத்தின் பாதைகளும் அன்றே அடிபட்டிருந்தன, செயலிழந்த நரம்பு அதை மறைத்துக்கொண்டிருந்தது. அதே ஆள், அதே சுத்தியல். பதில் மட்டும் மாறிவிட்டது. சேனாநாயக்க அந்தப் பெண்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். ஒருமுறை பார்த்து மருந்துச் சீட்டு எழுதி அனுப்பியிருந்தால் அந்த நோயின் பாதிக் கதைதான் தெரிந்திருக்கும்.

இந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் காய்கறிப் பயிர் செய்கிறவர்களுக்குச் சொல்வது சுலபம். மலையோடையிலிருந்து கறுப்புக் குழாய் போட்டு நீர் கொண்டுவருகிறீர்கள். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பாத்தியைத் தோண்ட மாட்டீர்கள். குழாயோடு மேலே நடந்து, எந்தக் கிளை வரை தண்ணீர் இருக்கிறது, எங்கிருந்து இல்லை என்று பார்ப்பீர்கள். நரம்பியல் சோதனையும் முதலில் 'எங்கே' என்று கேட்கிறது. 'என்ன நோய்' என்பது அதற்கு அடுத்த கேள்வி.

முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதறும் என்பதை எர்ப், வெஸ்ட்பால் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்கள் 1875இல் தனித்தனியாக எழுதினார்கள். அந்தத் தட்டில் ஒரு வட்டப்பாதை சோதிக்கப்படுகிறது: நீட்டப்பட்ட தசையிலிருந்து தண்டுவடத்துக்கு, தண்டுவடத்திலிருந்து மறுபடியும் தசைக்கு. வட்டம் அறுந்தால் அனிச்சை போகும். மேலே மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு அறுந்தால் அனிச்சை அளவுக்கு மீறும். பாதத்தைக் கீறும் சோதனையை 1896இல் பாரிஸில் பாபின்ஸ்கி ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் மருத்துவமனைகளில் நாள்தோறும் அவர் பெயரைச் சொல்கிறோம். மனிதர் ஒருவரின் மூளையை சி.டி. ஸ்கேன் முதன்முதலாகப் படம்பிடித்தது 1971இல்தான். அதற்கு முன்பு, மூளைக் கட்டி இருக்கும் பக்கத்தைத் தீர்மானித்து அறுவை செய்ய இந்தக் கைமுறைகளைப் பெரிதும் நம்பினார்கள்.

ஆண்டுக்கணக்கில் மலைச்சரிவில் நடந்த பாதம் தடித்திருக்கும், கீறினால் பதில் வராது. அதற்கு வழி உண்டு. வெளிக்கணுவுக்குக் கீழே, பாதத்தின் ஓரமாகக் கீறுங்கள். சாடக் என்பவர் 1911இல் எழுதிய முறை. தோல் அங்கே மெல்லியது. இங்கே குளிர் அதிகம், அதையும் மறக்காதீர்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு நோயாளியைத் தொடுங்கள். குளிர்ந்த கை பட்டதும் உடம்பு இறுகும், அனிச்சையும் தவறாகத் தெரியும்.

இப்போது எல்லோரும் இரண்டு கைகளையும் முன்னே நீட்டுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கண்ணை மூடுங்கள். மெதுவாகப் பத்து எண்ணுங்கள். சரி, திறக்கலாம். மூளையில் ஒரு பக்கம் லேசாகப் பாதிக்கப்பட்டவருக்கு, கை குலுக்கிப் பார்த்தால் பலம் சரியாகவே தெரியும். இப்படிக் கண்ணை மூடி நீட்டினால் மட்டும் ஒரு கை உள்பக்கம் திரும்பி, மெல்லக் கீழே இறங்கும். அவருக்கே அது தெரியாது. வீட்டில் தாத்தாவுக்குத் திடீரென்று வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ இதைச் செய்யுங்கள். கை இறங்கினால் கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு வண்டியில் ஏற்றுங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பக்கத்து ஊரான ரிங்லெட்டிலிருந்து மலையடிவாரத் தாப்பாவுக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வளைவுச் சாலை. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருக்க அந்தச் சாலை இடம் தராது.

அடுத்து நான் சொல்வதை மருத்துவ உதவியாளர்களும் பயிர்க்காரர்களும் கவனமாகக் கேட்க வேண்டும்.

லெம்பா பெர்த்தாம் இன்று தேயிலையோடு காய்கறியும் பூவும் விளையும் பள்ளத்தாக்கு. பிளாஸ்டிக் கூரைகளுக்குக் கீழே மருந்து அடிக்கிறோம். பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் என்று ஒரு பெரிய குடும்பம் உண்டு. நல்லெண்ணெயில் கலந்த நஞ்சும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். இது உடம்புக்குள் போனால் முதலில் வியர்வை கொட்டும், வாயில் நீர் வழியும், தசைகள் தோலுக்கடியில் நெளியும், கண்ணின் பாவை குண்டூசித் தலையளவு சுருங்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். மாற்று மருந்தாக அட்ரோபின் கொடுப்பார்கள். மறுநாள் நோயாளி எழுந்து உட்காருவார், தேநீர் கேட்பார். குடும்பம் சாமிக்கு நேர்ந்துகொண்டதை நிறைவேற்றக் கிளம்பும்.

ஆபத்தான நேரம் அதுதான். சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987இல் இலங்கையிலிருந்து பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். முதல் கட்டம் தெளிவாக வந்து போன பிறகு, நஞ்சு உட்சென்ற 24 முதல் 96 மணி நேரத்துக்குள் அவர்களுக்கு ஒரு புதிய வாதம் வந்தது. கழுத்துத் தசை, முகத்தையும் கண்ணையும் அசைக்கும் நரம்புகள், தோள், இடுப்பு, கடைசியில் மூச்சு. நான்கு பேருக்கு உடனடியாகச் செயற்கை சுவாசம் வேண்டியிருந்தது. தளர்ச்சி 18 நாள் வரை நீடித்தது. முதல் நாள் நச்சு நிலைக்கும், வாரங்கள் கழித்து வரும் நரம்புத் தளர்ச்சிக்கும் நடுவே வருவதால் இதை இடைநிலைக் கூட்டறிகுறி என்று பெயரிட்டார்கள்.

மூச்சு நிற்பதற்கு முன்பே இதைப் பிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. அதற்குச் சுத்தியல்கூட வேண்டாம். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். "அண்ணே, தலகாணியிலேர்ந்து தலையத் தூக்கி என்னப் பாருங்க. அப்படியே வச்சிக்கிங்க." தூக்க முடிந்தால் நெற்றியில் இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். நன்றாகப் பேசுகிற, சிரிக்கிற மனிதரால் தலையைத் தூக்க முடியவில்லை என்றால் மூச்சுத் தசைகளும் தளரத் தொடங்கியிருக்கலாம். அடுத்து, ஆழமாக மூச்சிழுத்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். திடமான ஆள் முப்பதைத் தாண்டுவார். பதினைந்துக்குள் நின்றுவிட்டால் வென்டிலேட்டர் இருக்கும் மருத்துவமனைக்கு அந்த நிமிடமே அனுப்ப வேண்டும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருக்கக் கூடாது.

இதை முதல் நாள் ஒருமுறை செய்து 'சரி' என்று எழுதிவிட்டால் பயனில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள் செய்ய வேண்டும். மூன்றாவது வாரம் அவரைக் கிளினிக்குக்கு வரவழைத்துக் குதிகாலால் பத்தடி நடக்கச் சொல்ல வேண்டும். பாதம் தொங்கத் தொடங்கியிருந்தால் குதிகால் நடை முதலில் கெடும்.

தோட்டத்தில் இது ஏன் நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாள் சம்பளக்காரர் இரண்டாம் நாள் எழுந்து நின்றதும் வேலைக்குப் போகிறார். இன்று இந்தப் பள்ளத்தாக்கில் மருந்துத் தோம்பைத் தோளில் சுமப்பவர் பல இடங்களில் வங்காளதேசத்துத் தம்பியோ நேப்பாளத்துத் தம்பியோதான். அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். பெர்மிட் சிக்கல் இருந்தால் வாசலுக்கே வர மாட்டார். முந்தைய தலைமுறையில் நம் பாட்டன்மார் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸர் முன்னால் எப்படிக் கைகட்டி நின்றார்களோ அப்படி நிற்கிறார் அவர். நம்மவர்களுக்கு மட்டும் நல்ல சோதனை வேண்டும் என்று இந்த மேடையில் நான் கேட்கவில்லை.

மூன்றாவது கதை நம் மலைக்கு அடியிலேயே நடந்தது. 1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றிய கிந்தா வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை போயிற்று. ஜப்பானிய வகை பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்கள் பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயர் அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள்.

வைரஸைக் கண்டது ஆய்வுக்கூடம். அது மனித மூளையில் எங்கே குடியேறியது என்பதைக் கட்டிலருகே நின்றவர்கள் கண்டார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கோ கியன் ஜின், டான் சோங் தின் முதலியோர் 94 நோயாளிகளைச் சோதித்து 2000இல் எழுதினார்கள். காய்ச்சலில் மயங்கிக் கிடப்பவரின் அனிச்சைகள் மறைந்திருந்தன, தசைகள் தொய்ந்திருந்தன. உடம்பின் சில பகுதிகள் மட்டும் விட்டுவிட்டுத் துள்ளின. இரத்த அழுத்தமும் நாடியும் ஏறியிருந்தன. இவற்றைச் சேர்த்துப் பார்த்து, மூளைத்தண்டும் மேல் கழுத்துத் தண்டுவடமும் தாக்கப்பட்டிருக்கின்றன என்று சொன்னார்கள். மயக்கத்தில் இருப்பவரின் இமையைத் திறந்து தலையை மெல்ல ஒரு பக்கம் திருப்பினால், மூளைத்தண்டு நலமாக இருக்கும்வரை கண்கள் எதிர்ப்பக்கம் நகரும். அந்தக் கண் அசைவு கெட்டவர்களுக்கும் நாடி வேகமாக ஓடியவர்களுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது. 94 பேரில் 30 பேர் இறந்தார்கள். முதலில் லேசாக வந்து போன மூன்று பேருக்கு நரம்பு நோய் மீண்டும் தலைகாட்டியது. தேறிவிட்டார் என்று கோப்பை மூடியிருந்தால் அதுவும் தெரியாமல் போயிருக்கும்.

நினைவையும் பேச்சையும் சோதிப்பது பற்றி ஒரு வார்த்தை. கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974இல் வகுத்த அளவுகோல் மூன்று முதல் பதினைந்து வரை எண் தரும். கண் திறப்பு, பேச்சு, அசைவு என்று மூன்று கூறுகள். பேச்சுக்கான எண்ணை நோயாளியின் மொழியில் கேட்டுத்தான் போட வேண்டும். எழுபது வயதுப் பாட்டியிடம் மலாயில் தேதி கேட்டு, பதில் வராததைக் குழப்பம் என்று குறிப்பேட்டில் எழுதினால் அவருக்கு ஒரு எண் குறைகிறது, அந்த எண்ணை நம்பி அடுத்த மருத்துவர் முடிவெடுக்கிறார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது பள்ளிக்கூடம் போனவருக்கான சோதனை. பாட்டியிடம் பேரப்பிள்ளைகளின் பெயரை மூத்தவரிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். ஐம்பது ரிங்கிட் நோட்டைக் கொடுத்துப் பன்னிரண்டு ரிங்கிட்டுக்குச் சாமான் வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கணக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கியவர் அவர்; தோட்டத்து எழுத்தரான கிராணியின் கணக்கில் தப்பு இருந்தால் பிடித்தவர். அந்தக் கணக்கு இன்று வரவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த ஆண்டு நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, இந்தப் பள்ளத்தாக்கிலுள்ள ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு சுத்தியல், ஓர் இசைக்கவை, ஒரு டார்ச் வாங்கிக் கொடுங்கள். கூடவே ஓர் அட்டை அச்சிடுங்கள். தமிழ், மலாய், வங்காளம், நேப்பாளி நான்கிலும் இருக்கட்டும். மருந்து பட்ட நாள், நேரம், மருந்தின் பெயர் மேலே. அதன் கீழே கண்பாவை, தலை தூக்கல், ஒரே மூச்சில் எண்ணிய எண், கணுக்கால் அனிச்சை, குதிகால் நடை. பக்கத்தில் முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள், இருபத்தொன்றாம் நாள் என்று ஐந்து கட்டங்கள். ஐந்தையும் நிரப்பிய பிறகுதான் அந்த அட்டையைக் கோப்பில் வைக்க வேண்டும். அந்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் ஆளை அனுப்பி வைக்கும்படி தோட்ட நிர்வாகங்களோடு பேசுவதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். பயிற்சி கொடுக்க நான் வருகிறேன்; தேதியை இன்றே குறித்துக்கொள்வோம்.